தொப்பூர் ஏற்றத்தில் கொதித்த 1210

2023 ஏப்ரல் கடைசி வாரம், பகல் இரண்டு மணி. ஓமலூரைத் தாண்டி, தொப்பூர் ஏற்றத்தில் பாதி ஏறியிருப்போம். 6 டன் மாட்டுத்தீவனம் ஏற்றியிருந்த எங்கள் டாட்டா 1210 லாரியின் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஓரம் கட்டி நிறுத்துவதற்குள் பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது. கிளீனர் பையன் ஈரச்சாக்கை எடுத்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்க ஓடினான். பக்கத்து இருக்கையிலிருந்த அப்பா, "கையை எடு தம்பி! முகம் வெந்துவிடும்" என்று கத்திய கத்தலில் அவன் இரண்டடி பின்னால் போய் நின்றான்.

என்ஜினை நிறுத்தாமல் மெதுவோட்டத்தில் விட்டோம். கொதிக்கிற என்ஜினைப் பட்டென்று நிறுத்தினால் தண்ணீர் ஓட்டம் நின்றுபோய், சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியிருக்கும் சூடு போக வழியில்லாமல் அங்கேயே தேங்கும். முக்கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து, ஓடுகிற என்ஜினில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினோம். 9 லிட்டர் குடித்தது. தருமபுரிக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னும் இரண்டு முறை நின்றோம்.

அடுத்த மூன்று மாதம் இந்தச் சூட்டின் காரணத்தைத் தேடினேன். என்ன பார்த்தேன், என்ன அளந்தேன், எதை எந்த வரிசையில் சரிசெய்தேன் என்பதை இங்கே முழுதாக எழுதுகிறேன். பழைய லாரி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்துக்கு வந்து நிற்பார்கள்.

வண்டி

1974-ஆம் ஆண்டு டாட்டா 1210. ஜாம்ஷெட்பூரில் டைம்லர்-பென்ஸ் கூட்டுறவில் 1954-இல் லாரி உற்பத்தி தொடங்கியது. 1969-இல் அந்தக் கூட்டு முடிந்து, முகப்பிலிருந்த நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. எங்கள் வண்டி அதற்கு ஐந்து வருடம் பிந்தையது என்றாலும் எலும்பும் சதையும் பழைய பென்ஸ்தான். 1210 என்ற எண்ணில் 12 என்பது வண்டியும் பாரமும் சேர்ந்த மொத்த எடை டன் கணக்கில். 10 என்பது ஏறக்குறைய 100 குதிரைத்திறன். என்ஜின் 692: ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 92 மி.மீ. விட்டம், மொத்தம் 4.8 லிட்டர். அப்பா இந்த வண்டியை வைத்துத்தான் எங்களைப் படிக்க வைத்தார். 2000-க்குப் பிறகு ஓட்டம் குறைந்து, கடைசிப் பன்னிரண்டு வருடம் சங்ககிரியில் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்றது. 2022-இல் அதை மீண்டும் ஓட வைத்தோம்.

ஓட வைத்த கையோடு நான்கு தவறுகளும் செய்திருந்தோம். அப்போது அவை தவறு என்று தெரியவில்லை. விரிசல் விட்டிருந்த ஃபேன் கூண்டைக் கழற்றிப் போட்டோம். அதுதான் விசிறியைச் சுற்றி ரேடியேட்டரோடு சேர்த்துப் பொருத்தியிருக்கும் தகரக் கூடு. ரேடியேட்டருக்குப் பளபளப்பான கறுப்பு எனாமல் பெயிண்டை இரண்டு பூச்சு அடித்தோம். கடையில் கிடைத்த ஒரு மூடியைப் போட்டோம். அதன் ஸ்பிரிங் விரலால் அழுத்தினாலே உள்ளே போய்விடும். நான்காவது, தண்ணீரின் சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைப் பட்டறையில் எடுத்து எறிந்துவிட்டார்கள். "நம் ஊர்ச் சூட்டுக்கு அது எதற்கு? தண்ணீர் தாராளமாக ஓடட்டும்" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அளந்தது

சூடு என்ற புகாரோடு ஒரு வண்டி வந்தால் நம் பட்டறைகளில் வழக்கமாக நடப்பது பொருள் மாற்றுவது. தண்ணீர் பம்ப், பெல்ட், அப்புறம் ரேடியேட்டர். கடைசியில் ஹெட்டையே இறக்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் காசு போகும், காரணம் மட்டும் தெரியாது. அந்த வழியில் போக எனக்கு மனம் வரவில்லை.

முதலில் முள்ளையே சந்தேகித்தேன். உணர்கருவியைக் கழற்றி, அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தில் ஒரு வெப்பமானியோடு சேர்த்து முக்கினேன். முள் 5 டிகிரி கூடுதலாகக் காட்டியது. பொய் சொல்கிறது, ஆனால் சிறிய பொய்.

அடுத்து ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு. ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை வாய் வரை நிரப்பி, குளிர்ந்த என்ஜினை ஒரு நிமிடம் மட்டும் ஓட்டி, டார்ச் அடித்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அசையாது. கேஸ்கெட் போயிருந்தால் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கசிந்து முத்து முத்தாகக் குமிழி வரும். ஒன்றும் வரவில்லை. அந்த ஒரு நிமிடம் எனக்கு மிக நீளமாக இருந்தது. குமிழி வந்திருந்தால் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

பிறகுதான் உண்மையான அளவை. ரேடியேட்டரின் மேல் தொட்டியில் என்ஜினிலிருந்து வரும் சுடுநீர்; கீழ்த் தொட்டியில் ஆறிய நீர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் துப்பு. தூரத்திலிருந்து காட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை வாங்கினேன். பளபளக்கும் பித்தளையில் அது தப்பாகக் காட்டும், நிஜச் சூட்டைவிடக் குறைத்துச் சொல்லும். அதனால் மேல் தொட்டியிலும் கீழ்த் தொட்டியிலும் பெயிண்டைச் சுரண்டி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, அந்தக் கறுப்பை மட்டும் குறிவைத்தேன்.

அதே 6 டன், அதே ஏற்றம், 38 டிகிரி வெயில். பாதி ஏற்றத்தில் நிறுத்திய உடனே பார்த்தேன்: மேலே 99, கீழே 80. வித்தியாசம் 19.

இந்த 19-ஐ எப்படிப் படிப்பது? 100 குதிரைத்திறன் என்ஜின் முழு மூச்சில் இழுக்கும்போது ஏறக்குறைய 50 கிலோவாட் வெப்பம் தண்ணீருக்குள் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் கீசர் 25-ஐ ஒரே நேரத்தில் போட்டதற்குச் சமம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் வேண்டும். வித்தியாசம் 8 டிகிரி என்றால், அந்த வெப்பத்தைச் சுமக்க நிமிடத்துக்கு 90 லிட்டர் தண்ணீர் ரேடியேட்டர் வழியாக ஓடுகிறது என்று அர்த்தம். 19 டிகிரி என்றால் 40 லிட்டர்கூட ஓடவில்லை. காற்று போதாமல் இருந்தால் மேலும் கீழும் சேர்ந்தே சூடாகியிருக்கும், வித்தியாசம் சின்னதாக இருக்கும். இங்கே ரேடியேட்டருக்குள் போகிற தண்ணீர் நன்றாகவே ஆறுகிறது. போகிற அளவுதான் போதவில்லை.

ரேடியேட்டரின் நடுவே குழாயும் தகடுமாக இருக்கும் கோரின் முகத்தில் வெப்பமானியை வரிசையாக ஓட்டியபோது இடதுபுறம் கீழே ஒரு பெரிய திட்டு குளிர்ந்திருந்தது. அங்கே தண்ணீரே ஓடவில்லை.

எலுமிச்சம்பழம்

ரேடியேட்டரைக் கழற்றிச் சேலத்தில் ஒரு பழைய ரேடியேட்டர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரருக்கு எழுபது வயதுக்கு மேல். பித்தளையும் செம்பும் ஈயப்பற்றும் கொண்ட ரேடியேட்டரைத் தொட்டு வேலை செய்யத் தெரிந்தவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கேஸ் நெருப்பை மேல் தொட்டியின் விளிம்போடு ஒரே சீராக ஓட்டினார். ஈயம் வெள்ளியாய் உருகி ஓட, இடுக்கியால் ஒரு முனையைத் தூக்கினார். தொட்டி, பெட்டியின் மூடிபோலக் கழன்று வந்தது.

கீழே தட்டையான குழாய்களின் வாய்கள் நான்கு வரிசையாகத் தெரிந்தன. பல வாய்கள் மூடியிருந்தன. வெள்ளையும் பழுப்புமாகக் கல். பெரியவர் நகத்தால் சுரண்டி ஒரு சில்லை எடுத்துத் தரையில் வைத்தார். எதிர்த்த டீக்கடையிலிருந்து பாதி எலுமிச்சம்பழம் வாங்கி வரச்சொல்லி அதன்மேல் பிழிந்தார். சில்லின் விளிம்பில் நுண்ணிய நுரை கிளம்பியது. "பாருங்கள் தம்பி. சுண்ணாம்பு. உங்கள் ஊர்த் தண்ணீர்" என்றார்.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சங்ககிரி சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்ட் ஆலை அங்கே வந்ததே அந்தக் கல்லை நம்பித்தான். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதே தண்ணீரைக் குடம் குடமாக ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தோம். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கே போய் ஒட்டும். சுண்ணாம்புப் படிவு வெப்பத்தைக் கடத்துவதில் படு மோசம். ஒரு மி.மீ. படிவு, 20 மி.மீ.க்கும் மேற்பட்ட வார்ப்பிரும்பைக் குறுக்கே வைத்ததற்கு ஈடு. கொதித்து ஆவியான தண்ணீருக்குப் பதிலாக மறுபடியும் அதே தண்ணீரை ஊற்றினால் பழைய சுண்ணாம்போடு புதியதும் சேரும். சூடு படிவை வளர்க்கிறது, படிவு சூட்டை வளர்க்கிறது.

வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் காலத்தில் எங்கள் குரு டிரைவர் வழியில் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் ரேடியேட்டரில் ஊற்றுவார். உப்புக் கரித்தால் கீழே கொட்டிவிடுவார். நான் அதை மறந்தே போனேன்" என்றார்.

பெரியவர் மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுத் தூர் எடுத்தார். இரண்டு நாள் வேலை. மூன்று குழாய்கள் ஓட்டை விழுந்து, அடைத்து விடப்பட்டன. எனாமல் பெயிண்டை முழுக்க நீக்கினார். தடித்த பெயிண்ட் செம்புத் தகடுகளுக்குப் போர்வை, இடுக்குகளையும் அடைக்கும். வேண்டுமானால் மெல்லிய கறுப்புப் பூச்சு ஒன்று போதும் என்று அவரே ஊதிக்கொடுத்தார்.

என்ஜினுக்குள்

ரேடியேட்டரை மட்டும் சுத்தம் செய்து மாட்டியிருந்தால் ஆறே மாதத்தில் மீண்டும் அடைத்திருக்கும். பிளாக்கின் வடிகால் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டும் வரவில்லை. சைக்கிள் கம்பியை உள்ளே விட்டுக் குத்தினேன். ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை, மெத்தென்று ஏதோ நகர்ந்தது. சட்டென்று செம்மண் குழம்பாகத் துருச்சேறு கையில் கொட்டியது, பிறகுதான் தண்ணீர். பிளாக்கின் பக்கவாட்டில் தட்டி வைத்திருக்கும் வட்ட மூடிகளைக் கழற்றிப் பார்த்தேன். பம்பிலிருந்து மிகத் தள்ளியிருக்கும் ஆறாவது சிலிண்டரைச் சுற்றித்தான் சேறு அதிகம். பன்னிரண்டு வருடம் வேப்பமரத்தடியில் நின்றபோது படிந்தது.

தண்ணீர்க் குழாயை எதிர்த்திசையில் வைத்து, வெளியேறும் நீர் தெளியும்வரை அலசினோம். பிறகு 20 லிட்டருக்கு ஒரு கிலோ எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊற்றி, என்ஜினை ஒரு மணி நேரம் ஓட்டி இறக்கினோம். காப்பி நிறத்தில் வந்தது. சலவை சோடா கரைத்த நீரால் ஒருமுறை, வெறும் நீரால் மூன்று முறை. இந்த இடத்தில் சிலர் கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட்டை ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது சுண்ணாம்போடு நிற்காது. ஈயப்பற்றையும் பம்பையும் சேர்த்துத் தின்னும்.

இதோடு நிறுத்தி, வேறெதையும் மாற்றாமல் மறுபடியும் தொப்பூர் போனேன். ஒரே நேரத்தில் நான்கை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும். வெளியே 37 டிகிரி. மேலே 95, கீழே 84. கொதிக்கவில்லை. வித்தியாசம் 11 ஆகியிருந்தது. முன்னேற்றம்தான், ஆனாலும் போதாது.

எறிந்த வால்வு

இந்த வழக்கில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது தெர்மோஸ்டாட். அது என்ஜின் சீக்கிரம் சூடேறுவதற்காக மட்டும் இருக்கிறது, வெப்பநாட்டில் அதனால் பயனில்லை என்ற நம்பிக்கை நம் சாலைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எங்கள் என்ஜினில் ஹெட்டிலிருந்து வரும் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டருக்கு. மற்றொன்று ரேடியேட்டரைத் தொடாமல் நேராகப் பம்புக்குத் திரும்பும் குறுக்குவழி. வால்வு சூட்டில் விரியும்போது முதல் வழியைத் திறக்கிறது. அதன் அடியிலிருக்கும் தட்டு இறங்கி இரண்டாவது வழியை அடைக்கிறது. வால்வையே எடுத்துவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீர் எளிதான வழியைத்தான் தேடும். ஒரு பங்கு சுடுநீர் ஆறாமலே மறுபடியும் என்ஜினுக்குள் போகும். தண்ணீர் தாராளமாக ஓடத்தான் செய்கிறது, ஓட வேண்டிய இடத்தில் இல்லை.

இரண்டு வால்வுகள் வாங்கினேன். நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடேற்றினேன். ஒன்று 80-இல் மெல்ல வாய் திறந்து 90-ஐ ஒட்டி முழுதும் திறந்தது. மற்றொன்று 90 ஆகியும் அசையவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். புதியது என்பதால் சோதிக்காமல் மாட்டியிருந்தால், அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் கொதித்திருக்கும். "தெர்மோஸ்டாட் போட்டதால்தான்" என்று பழியும் அதன்மேல் விழுந்திருக்கும்.

நல்லதை மாட்டி மீண்டும் ஓட்டம். 37 டிகிரி வெயிலில் மேலே 91, கீழே 83. நான்கு டிகிரி இறங்கியது. எறிந்த பொருளைத் திரும்ப வைத்ததற்கே.

காற்று

ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று என்று ஒன்று கிடையாது. எல்லாம் விசிறியின் கையில். கூண்டு இல்லாத விசிறி, ரேடியேட்டர் வழியாக இழுப்பதைவிடத் தன் ஓரங்களில் சுற்றும் சூடான காற்றையே திரும்பத் திரும்பக் கடையும். லேத்துப் பட்டறையில் தகரம் வளைத்துக் கூண்டு செய்தோம். இறக்கையின் நுனிக்கும் கூண்டுக்கும் இடையே இரண்டு செ.மீ.; இறக்கையின் அகலத்தில் பாதி கூண்டுக்குள், பாதி வெளியே. அதை மாட்டும்போதுதான் விசிறியே முன்பின் மாறிப் பூட்டப்பட்டிருப்பது தெரிந்தது. திருப்பி மாட்டினால் காற்று எதிர்த்திசையில் வீசிக் காட்டிக்கொடுக்கும் என்று நினைக்கிறோம், அப்படி நடக்காது. காற்று அதே பக்கம்தான் வரும். இறக்கையின் வளைவு தலைகீழாக இருப்பதால் குறைவாக வரும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத தவறு.

மூடிக்கு வருகிறேன். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. எங்கள் உயரத்தில் 99. அரை பார் (காற்று மண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி) கூடுதல் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் 110-ஐ எட்டும்வரை கொதிக்காது. அதற்காக இன்றைய கார் மூடியைப் பழைய ரேடியேட்டரில் மாட்டிவிடக் கூடாது. ஈயப்பற்று அத்தனை அழுத்தத்துக்குச் செய்ததல்ல, தொட்டி பிளந்துவிடும். வண்டிக்கு உரிய மூடியையே தேடிப் போட்டோம். கீழ் ஹோஸும் புதிது, உள்ளே சுருள்கம்பியோடு. அது பம்ப் உறிஞ்சும் பக்கம், கம்பி இல்லாவிட்டால் வேகம் கூடும்போது ஹோஸ் சப்பிப்போகும். டீசல் பம்பின் அளவையும் நேரத்தையும் ஒருமுறை சரிபார்த்தோம், குறையில்லை.

தண்ணீரை மாற்றியதுதான் நிரந்தர மருந்து. இரண்டு பங்கு பேட்டரி நீர் (ஆசிட் அல்ல, உப்பு நீக்கிய சுத்த நீர்), ஒரு பங்கு கூலண்ட். நம் ஊரில் உறைபனி இல்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பார்கள். அதிலிருக்கும் துருத்தடுப்பான்களுக்காக. பாதிக்கு மேல் கலக்கக் கூடாது. தண்ணீர் அளவுக்கு அது வெப்பம் சுமக்காது. பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். மழைக்காலத்தில் மாடியில் பிடித்து வடிகட்டிய 10 லிட்டர் நீர் எப்போதும் கேபினில் இருக்கிறது.

ஓட்டுவதிலும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். நான் மூன்றாம் கியரிலேயே இழுத்துப் பார்ப்பேன். அப்பா, "அது திணறும் முன்னாலேயே கியரை இறக்கு" என்பார். என்ஜின் சுற்று குறைந்தால் பம்பும் விசிறியும் சேர்ந்தே குறைகின்றன. சூடு மட்டும் குறைவதில்லை. இரண்டாம் கியரில் சுற்று கூடி, தண்ணீரும் காற்றும் கூடுகின்றன.

ஜூலையில் கடைசிச் சோதனை. வெளியே 35 டிகிரி. மேலே 84, கீழே 75. நாளுக்கு நாள் வெயில் மாறுவதால், மேல் தொட்டி வெளிக்காற்றைவிட எத்தனை டிகிரி அதிகம் என்று கணக்கிட்டு ஒப்பிடுகிறேன். முதல் நாள் 61. கொதித்துவிட்டதால் அதற்கு மேல் ஏற இடமில்லை, உண்மையில் இன்னும் அதிகம். சுத்தம் செய்தபின் 58, வால்வுக்குப் பின் 54, கூண்டு, விசிறி, மற்றவை எல்லாம் சரியானபின் 49. அடுத்த ஏப்ரலில் 39 டிகிரி வெயிலில் ஏறினோம், மேலே 88. அதே 49.

போன மாதம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய்களின் வாய்கள் நான்கு வரிசையும் திறந்து, பித்தளை நிறத்தில் இருந்தன. அப்பாவைக் கூப்பிட்டேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பம்பர்மேல் ஏறி நின்று, அவரும் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.